பாட்டு ஓரத்தில் இருந்தது

எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. அதற்குள் ஒரு தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மாலை போடவில்லை, சால்வை போர்த்தவில்லை, கைக்கடிகாரம் எதுவும் கொடுக்கவில்லை. கண்ணெரிச்சல் மட்டும் என்னோடு வந்தது. இப்போது ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறேன். ஷூ ஜோடி ஜோடியாக வரும், பெட்டியில் போய்ப் படுக்கும். யாரும் கல்யாணம் பண்ணிக்கொள்வதில்லை, யாரும் கேக் வெட்டுவதில்லை. நிம்மதி.

ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பிகள் தங்கள் சங்க மலருக்கு எழுதச் சொல்லி விடாமல் கேட்கிறார்கள். என்னை 'சீனியர்' என்கிறார்கள். பத்தாவது ஃபெயில் ஆனவனை சீனியர் என்று கூப்பிட்டால் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் வருகிறது. இவர்கள் கேமராவில் நகம் அளவுக்கு ஒரு கார்டு போடுகிறார்கள். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் டீ ஆறுவதற்குள் கல்யாணம் முழுக்க உள்ளே போய்விடுகிறது. அன்றைக்கு ஒரு தம்பி கேட்டான்:

"அண்ணா, மூணு மணி நேரக் கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

"மூணு மணி நேரம்."

"இன்னாண்ணா சொல்ற? ஃபாஸ்ட்டா ஓட்ட முடியாதா?"

"ஓட்டலாம். மாப்பிள்ளை தாலி கட்றதுக்குப் பதிலா பொண்ணு கழுத்த நெரிக்கிற மாதிரி தெரியும். பரவால்லையா?"

வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை என்பது அதுதான். கல்யாணம் எவ்வளவு நேரம் நடந்ததோ அவ்வளவு நேரம் நாமும் உட்கார வேண்டும். சாப்பாடு மட்டும் கிடையாது. கேசட்டில் பந்தி நடக்கும்போது எனக்குப் பசிக்கும். எத்தனை இலையில் பிரியாணி விழுவதைப் பார்த்திருப்பேன்! ஒரு பிடி என் வாய்க்கு வந்ததில்லை. பாதிக் கல்யாணத்தில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து. அதே மாலை, அதே மாமன், அதே கேமரா லைட்டுக்குக் கண்ணைச் சுருக்கும் குழந்தை. அடுத்தவர் கல்யாணத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெண் பார்க்கப் போனபோது கொட்டாவி வந்துவிட்டது. பெண் வீட்டார் தவறாக நினைத்துக்கொண்டார்கள். அது வேறு கதை.

தொழில் கற்றதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரீம் பாய் கடையில் கேசட் வாடகைக்குக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சிடி வந்ததும் கேசட் வாடகைக்கு எடுக்க யாரும் வரவில்லை. பாய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார், கேசட் படத்தை உள்ளே இழுக்கும் ஒரு கார்டை அதற்குள் சொருகினார், "இனிமே எல்லார் வூட்டுக் கேசட்டயும் சிடி ஆக்கறோம்" என்றார். மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. பூஞ்சை பிடித்த கேசட்டைத் திறந்து துடைப்பது, அறுந்த டேப்பை ஒட்டுவது. இதை எல்லாம் ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொண்டேன். மிச்சம் இருந்ததெல்லாம் உட்காருவதுதான்.

கரீம் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடை வைப்பதற்கு முன் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். வருகிற தோலை விரலால் தடவியே இது முதல் தரம், இது மாடு முள்ளில் உரசியது என்று சொல்லி ஒதுக்குவார்கள். அந்த விரல் பழக்கம் கடைசிவரை போகவில்லை. வாடிக்கையாளர் நீட்டும் கேசட்டைக்கூட வாங்கியதும் தடவித்தான் பார்ப்பார். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை வயர் முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது. எங்கள் ஊர்த் தோல் தொழிற்சாலைக் காற்றில் வெள்ளிக் கொலுசே கறுத்துப்போகும், வயர் முனை எம்மாத்திரம்? அதிர்ந்து பேச மாட்டார். திட்டவும் மாட்டார். தப்பு நடந்தால் மெஷினைப் பார்த்து, "இன்னாப்பா இப்டி பண்ணிட்ட?" என்று கேட்பார். மெஷின் பதில் சொல்லாது. அதோடு விஷயம் முடிந்தது. யார் செய்த தப்பாக இருந்தாலும் சரி, அவர் செய்ததாக இருந்தாலும் சரி, பழி மெஷினுக்குத்தான்.

வாடிக்கையாளர்களிடம் அவருக்கு இருந்த பொறுமை எனக்குக் கிடையாது. ஒருமுறை ஒருவர் தன் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தால் முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் திடீரென்று கிரிக்கெட் மேட்ச். அவருடைய மச்சான் டிவியிலிருந்து அதன்மேலேயே பதிவு பண்ணிவிட்டிருக்கிறான்.

"அடியில கல்யாணம் இருக்கும்ல? மேல இருக்கற மேட்ச்ச மட்டும் எடுத்துடுங்க பாய்" என்றார் அவர்.

"அழிஞ்சிருச்சு சார். அடியில ஒண்ணும் இருக்காது" என்றேன்.

"எப்டி இருக்காது? நான் பதினஞ்சு வருசமா தோல் பிரிக்கிற மெஷின்ல நிக்கறேன். ஒரு தோல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டா அறுக்கறோம். இத சீவ முடியாதா?"

நான் சிரித்துவிட்டேன். "சீவுனா பொண்டாட்டி வருவாங்களோ, அம்பயர் வருவாரோ, கேரண்டி கிடையாது சார்." பாய் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் அரை மணி நேரம் பேசினார். டேப் எப்படி எழுதும், எப்படி அழியும் என்று ஒரு தோல் துண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, துடைத்து, மறுபடி கோடு போட்டுக் காட்டினார். மனிதர் கண் கலங்கிப் போனார். கல்யாணம் போனதற்கா, மேட்ச்சில் நாம் தோற்றதற்கா என்று நான் கேட்டதற்கு பாய் அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

இனி மெஹரூன் ஆபாவின் கேசட். ஆபா என்றால் உருதில் அக்கா.

முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. பெண்கள் பக்கத்தை வீட்டுப் பெண் யாராவதுதான் வீடியோ பிடிப்பார். அந்தக் கேசட்டை வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. அப்படியானால் அதை சிடி ஆக்குவது எப்படி? அதற்கு கரீம் பாய் ஒரு முறை வைத்திருந்தார். வாணியம்பாடியிலிருந்தெல்லாம் எங்கள் கடையைத் தேடி வந்தார்கள் என்றால் இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் திரையில் படம் தெரியும் மூலையின் மேல் ஒரு பழுப்புக் காகிதத்தை மேல்பக்கம் மட்டும் ஒட்டி, திரைச்சீலை போல் தொங்கவிட்டிருந்தார். திரைக்கும் முக்காடு என்று நான் கேலி செய்வேன். பெண்கள் பக்கக் கேசட் என்றால் காகிதம் கீழே இறங்கும். ஸ்பீக்கர் சத்தம் அடியோடு குறையும், ஏனென்றால் குரலும் கேட்கக் கூடாது. ஓட்டிவிட்டதும் நான் வெளியே போய்விட வேண்டும். பாய் மட்டும் மெஷினுக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் ஃபைல் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரி. போட்டுப் பார்ப்பதை அவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியை அவர்கள் கண்முன்னால் அழிப்போம். விருப்பப்பட்டால் கேசட்டையும் பிரித்து, டேப்பை உருவி வெட்டிக் கையில் கொடுத்துவிடுவோம். எங்கேயோ யாரோ பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு வதந்தி ஊரில் ஓடிய பிறகு நிறைய பேர் வெட்டச் சொன்னார்கள்.

அன்றைக்குக் கேசட்டோடு வந்தவர் மெஹரூன் ஆபாவின் அண்ணன், ஒரு தோல் வியாபாரி. சாயந்தரம் ரயில் ஏற வேண்டிய அவசரம். முடியும்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் முறைப்படி வெளியே போய் நின்றுகொண்டேன். பிறகு தெரிந்தது இது: ஓட ஆரம்பித்ததுமே, ஸ்பீக்கரின் திருகு லூஸாகி, எவ்வளவு குறைத்தாலும் உள்ளிருந்து பெண்கள் குரல் லேசாகக் கசிந்திருக்கிறது. எதிரில் அந்த வீட்டு அண்ணன். பாய்க்குச் சங்கடம். எழுந்து போய், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் விட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் வயர் என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கினார். அவர் பிடுங்கியது கம்ப்யூட்டருக்குச் சத்தம் கொண்டுபோகும் வயர். ஸ்பீக்கருக்குக் கம்ப்யூட்டரிலிருந்துதான் சத்தம் வரும் என்பதால் அதுவும் அடங்கிப் போனது. பாய்க்குத் திருப்தி.

முடிந்ததும் அளவு பார்த்தேன். சரியாக இருந்தது. மௌனத்துக்கும் பாட்டுக்கும் கம்ப்யூட்டர் ஒரே இடத்தைத்தான் கொடுக்கும், அதற்கு வித்தியாசம் தெரியாது. சிடி போட்டுக் கொடுத்தோம். பிரதியை அழித்தோம். அண்ணன் சொன்னபடி பாய் டேப்பை உருவி, கசக்கி, தோல் வெட்டும் கத்திரியால் ஏழெட்டு இடத்தில் வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தார். அவர் எல்லாவற்றையும் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். கறுப்பு புர்கா போட்ட ஒரு அம்மா, அவர்தான் மெஹரூன் ஆபா, கூடவே அவருடைய மகள் தஸ்லீம், வாணியம்பாடியில் காலேஜ் படிக்கும் பெண். சிடியை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல சத்தமே இல்லண்ணா."

"டிவில மியூட்டு போட்டிருப்பீங்க, தங்கச்சி. ரிமோட்ட எடுத்து..."

அந்த அம்மா மேஜையை விரல் மோதிரத்தால் டக் டக் என்று தட்டினார். பேசவில்லை. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். புர்கா விலகிய இடத்தில் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"அம்மிக்கு வேலூர்ல தொண்டையில ஆபரேஷன் ஆச்சுண்ணா, நாலு வருசம் முன்னாடி" என்றாள் தஸ்லீம். "அதுக்கப்பறம் பேச்சு வராது. அந்தக் கேசட்ல சித்தி கல்யாணத்துக்கு மருதாணி போடறப்ப அம்மி பாடியிருக்காங்க. எங்க சைடுல யார் வூட்டு விசேஷம்னாலும் அம்மிதான் பாடுவாங்க. ஆனா யாரும் ரெக்கார்டு பண்ணது இல்ல. அது ஒண்ணுதான். அம்மி குரல் வேற எதுலயும் இல்ல."

நான் கேலி எதுவும் செய்யாமல் சிடியை எடுத்து பாயிடம் நீட்டினேன். அது அடிக்கடி நடப்பதில்லை.

பாய் உள்ளே போனார். வயர்களைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்ததும் வழக்கம்போல் மெஷினைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஆபா, வயர பிடுங்குனது நான். இந்தப் புள்ள இல்ல. என் கைதான்."

மெஹரூன் ஆபா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மகளிடம் உதடு அசைத்தார். தஸ்லீம் ஒரு துணிப்பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். கறுப்பு டேப் குப்பையாக விழுந்தது.

"மாமா ஆத்துல வுட்ற சொன்னாரு. பாலாத்துல தண்ணி வரட்டும்னு வெச்சிருந்தோம்."

"அப்ப பேரன் காலத்துலதான்" என்றேன். ஆபாவின் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாமல் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

பாய் அந்தக் குப்பையைக் கையில் எடுத்துத் தடவினார். கசங்கல், மடிப்பு, சில இடத்தில் நகம் பட்ட கீறல். "படம் வராது ஆபா" என்றார். "படம் ஏற்கெனவே சிடில இருக்கு. சத்தம் வரலாம். வரும்னு சொல்ல மாட்டேன். வரலாம்."

இது ஏன் என்று இந்தக் காலத்துத் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும். வீடியோ டேப்பில் படம் நடுப்பகுதியில் சாய்வு சாய்வாக எழுதியிருக்கும். டேப் கசங்கினால் அது போச்சு. சத்தம் மட்டும் மேல் ஓரத்தில் ஒரே கோடாக ஓடும், வேட்டிக் கரை மாதிரி. வேட்டி கசங்கினாலும் கரை கரைதான்.

ஆனால் ஒட்டுப் போட்ட டேப்பை நல்ல மெஷினில் விட்டால் படம் படிக்கும் ஹெட் உடைந்துவிடும். எங்களிடம் ஹெட் ஏற்கெனவே தேய்ந்துபோன ஒரு பழைய மெஷின் பரண்மேல் கிடந்தது. எந்தக் கேசட்டைப் போட்டாலும் படத்துக்குப் பதில் மழைதான் பெய்யும். சத்தம் மட்டும் வரும். நான் அதற்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தேன். அதை இறக்கினோம்.

துண்டுகளை ஒட்டுவது இரண்டு நாள் வேலை. மேஜைமேல் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு துண்டையும் அதன்மேல் நீட்டி, ஷூவுக்கு உள்பக்கம் வைக்கும் மெல்லிய ஆட்டுத் தோலைச் சுருட்டி பாய் நீவினார். ஒரே திசையில்தான் நீவ வேண்டும். திரும்பி வந்தால் பூச்சு உதிரும். டேப்பின் எந்தப் பக்கம் பூச்சு, எந்தப் பக்கம் வெறும் பிளாஸ்டிக் என்று நான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் சொல்வேன். அவர் பார்க்காமலே சொன்னார். நான் முனைகளைச் சாய்வாக வெட்டி, பிளாஸ்டிக் பக்கத்தில் ஒட்டுநாடா போட்டேன். அது ஓரத்தில் ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் மெஷினுக்குள் பிடித்து இழுத்து மொத்தத்தையும் கிழித்துவிடும். கழுத்து, முதுகு, கண், எல்லாம் தனித்தனியாக வலித்தது. இடையில் வேறு கல்யாணங்கள் வேறு மெஷினில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் எழுந்து எழுந்து கேசட் மாற்ற வேண்டும். 'அப்பா, யாராவது கல்யாணம் பண்ணிக்காம இருங்களேன்' என்று உரக்கவே சொன்னேன். "மூச்ச வுடாத, டேப் பறக்குது" என்றார் பாய்.

எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு என்று எங்களுக்குத் தெரியாது. கைக்கு வந்த வரிசையில் ஒட்டினோம். ரேடியோவில் போட்டு, சத்தத்தை மட்டும் கம்ப்யூட்டருக்கு ஏற்றினோம். ஸ்பீக்கர் கிடையாது. திரையில் பச்சைக் கோடு மேலும் கீழும் துள்ளியதைப் பார்த்ததும் பாய் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஏதோ சத்தம் இருக்கிறது. அது பாட்டா, பாத்திரம் உருளும் சத்தமா என்பது எங்களுக்குத் தெரிய வழி இல்லை. கேட்கக் கூடிய காது அவர்களுடையது மட்டும்தான்.

மறுநாள் ஆபாவும் தஸ்லீமும் வந்தார்கள். ஆபா காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டார். நான் ஒவ்வொரு துண்டாக ஓட்டினேன். இது முதலில், இது பிறகு என்று அவர் விரலால் காட்டக் காட்ட, திரையில் துண்டுகளை நகர்த்தினேன். ஒரு துண்டு வந்ததும் முகத்தைச் சுளித்து, மூக்குக்கு முன்னால் விரலைச் சுற்றினார்.

"இன்னா சொல்றாங்க, தங்கச்சி?"

"வண்டு கத்துதாம்."

அந்தத் துண்டைத் திருப்பிப் போட்டு ஒட்டிவிட்டிருந்தோம். பாட்டு இருக்க வேண்டிய ஓரத்துக்கு எதிர் ஓரம் அது. அங்கே மெஷினின் வேகத்தைப் பிடிக்கும் கோடுதான் இருக்கும், கேட்டால் வண்டுதான். பிரித்து, திருப்பி, மறுபடி ஒட்டினேன். ஆபா பொறுமை இல்லாதவர். நான் ஒட்டி முடிப்பதற்குள் மோதிரம் மேஜையில் மூன்று முறை பேசிவிட்டது.

"ஆபா, இப்டி தட்டுனா மேஜைக்கும் ஆபரேஷன் பண்ணணும்" என்றேன். பாய் பதறிப்போய் என் காலை மிதித்தார். ஆபா என் பக்கம் திரும்பி, வேண்டுமென்றே இன்னும் இரண்டு தட்டு தட்டினார்.

வரிசை சரியானது. அடுத்தது பாட்டைப் படத்தோடு பொருத்துவது. சிடியிலிருந்த படத்தை ஏற்றினோம். படத்தை நான் பார்க்கக் கூடாது, தஸ்லீமுக்கோ மௌஸ் பிடிக்கத் தெரியாது. முதல் அடி பொருந்தினால் போதும், மிச்சம் தானாகச் சேரும். ஹெட்ஃபோனைத் தஸ்லீமிடம் கொடுத்து, காகிதத்தைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் வெளியே போய், உள்ளறை வாசலில் தொங்கும் துணித்தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஓட வுடு, தங்கச்சி. வாய் முன்னாடி போவுதா, பாட்டு முன்னாடி போவுதா?"

"வாய் முன்னாடிண்ணா."

"அப்ப பாட்ட இடது பக்கம் தள்ளு. துளி."

"ஐயோ, பாட்டு எங்கயோ போய்ட்சு!"

"துளின்னா துளி. மாவு மில்லுல மூட்ட தள்ற மாதிரி தள்ளாத."

"உங்க மௌஸு வழுக்குது, என்னச் சொல்றீங்க!"

"சரி, யாராவது கை தட்றாங்களா? டோலக்கு அடிக்கிறாங்களா? அத பாத்து வை. அடி வுழும்போது சத்தமும் வுழணும்."

உள்ளிருந்து மௌஸ் சொடுக்கும் சத்தம். பிறகு மோதிரத்தின் சத்தம், ஒரே ஒரு தட்டு, பலமாக.

"சேந்துடுச்சுண்ணா" என்றாள் தஸ்லீம்.

காகிதம் இறங்கியதும் உள்ளே போனேன். முழுப் பாட்டையும் ஆபா ஒருமுறை கேட்க வேண்டும், பிறகு சிடி. நான் ஓட்டினேன். பாய் வாசலில் முதுகைக் காட்டி நின்றார். என் முன்னால் திரையின் மூலையில் பழுப்புக் காகிதம், மீதி இடத்தில் பச்சைக் கோடு. அது நீளமாக ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறியது. ஆபா அழவில்லை. கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்போல் நிமிர்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றது. என் தோளைத் தட்டி, திரும்ப ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். அதே இடத்தில் முகம் சுருங்கியது. திரையில் அந்த இடத்தைக் காட்டி, இரண்டு விரலைக் கத்திரிபோல் வெட்டிக் காட்டினார். தஸ்லீமிடம் உதடு வேகமாக அசைந்தது.

"அந்த எடத்துல ரெண்டாவது அடிய முன்னாடியே பாடிட்டாங்களாம். தப்பாம். அத மட்டும் எடுத்துடச் சொல்றாங்க."

"ஆபா! ரெண்டு நாளா கண்ணு போயி ஒட்டியிருக்கோம். இப்ப வெட்டச் சொல்றீங்களே!"

ஆபா மறுபடி விரல் கத்திரியைக் காட்டினார். இந்த முறை என் மூக்குக்கு நேராக.

"அவங்க பாட்டு, அவங்க இஷ்டம்" என்றார் பாய் வாசலிலிருந்து. "எடுத்துடுடா."

எனக்கு வாதாடத் தெம்பு இல்லை. ஆபா விரலைத் தூக்கிய இடத்திலிருந்து இறக்கிய இடம்வரை தேர்ந்தெடுத்தேன். அந்தப் பகுதி மட்டும் கறுப்பானது. அழிக்கும் பொத்தானில் விரல் வைத்தேன்.

"இருங்கண்ணா" என்றாள் தஸ்லீம். "நானும் ஒரு தடவ கேட்டுக்கறேன்."

அம்மாவின் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். நான் அந்தக் கறுத்த பகுதியை மட்டும் ஓட்டினேன். சில நொடிகள்தான். அவள் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அம்மி, தப்பா பாடுனதுக்கு அப்பறம் நீங்க சிரிக்கிறீங்க."

அதனால் என்ன என்பதுபோல் ஆபா கையை விசிறினார்.

"நீங்க பேசறது எனக்கு ஞாபகம் இருக்கு அம்மி. திட்றது கூட ஞாபகம் இருக்கு. சிரிக்கிறது மறந்தே போச்சு. எப்டி இருக்கும்னு எத்தன தடவ யோசிச்சிருக்கேன் தெரியுமா? வரவே வராது."

ஆபாவின் கை அப்படியே நின்றது. பாய் வாசலில் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். என் விரல் இன்னும் பொத்தான்மேல்தான் இருந்தது. எடுப்பதா வைப்பதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆபா மகள் காதிலிருந்து ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு, ஓட்டு என்று தலையசைத்தார். ஓட்டினேன். இன்னொரு முறை என்றார். ஓட்டினேன். அதற்குப் பிறகும் ஒருமுறை. பிறகு என் கையைப் பிடித்து, பொத்தானிலிருந்து தூக்கி, மேஜைமேல் வைத்தார். தஸ்லீமைப் பார்த்து உதடு அசைத்தார்.

"இருக்கட்டுமாம்" என்றாள் தஸ்லீம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆனா சித்திக்கு மட்டும் இத போட்டுக் காட்டக் கூடாதாம். தாளம் தப்பிட்டேன்னு அப்பவே கிண்டல் பண்ணாங்களாம்."

இரண்டு சிடி போட்டுக் கொடுத்தேன். பாய் முறையை விடவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரிலிருந்து பிரதியை அழிக்கச் சொன்னார். திரையில் பச்சைக் கோடு கடைசியாக ஒருமுறை விரிந்து கிடந்தது. பாட்டு இருந்த இடங்களில் நீள நீளமான மேடுகள். அந்தத் தப்புக்குப் பிறகு மட்டும், சீப்பின் பல் மாதிரி, குட்டி குட்டியாய் நெருக்கமாய் ஒரு வரிசைக் கோடுகள். கேட்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். நான் பார்த்தது அவ்வளவுதான். அழித்தேன்.